பிள்ளையைப் பிரித்தால் பணம் உண்டு: கனடாவின் முதற்குடிக் குழந்தைகள் வழக்கு

ஜோர்டன் ரிவர் ஆண்டர்சன் 1999 அக்டோபரில் கனடாவின் வினிபெக் நகரத்தில் பிறந்தான். பெற்றோரின் ஊர் நார்வே ஹவுஸ். மானிட்டோபா மாகாணத்தின் வடக்கே, சாலை வழியே போனால் வினிபெக்கிலிருந்து சுமார் 800 கிலோமீட்டர் தூரம். அரிய தசைக் கோளாறோடு பிறந்த பிள்ளைக்கு வேண்டிய மருத்துவ வசதி எதுவும் ஊரில் இல்லை. சிகிச்சை கிடைக்க வேண்டுமென்றால் பிள்ளையைக் குழந்தைகள் நலத் துறையின் பொறுப்பில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. பெற்றோர் ஒப்படைத்தார்கள்.

இரண்டு வயதானபோது, இனி மருத்துவமனையில் இருக்கத் தேவையில்லை, பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பத்தோடு ஒரு வீட்டில் வாழலாம் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். அதற்கான வீடும் அமைந்தது. அங்கேதான் சிக்கல் தொடங்கியது. அவன் முதற்குடிப் பிள்ளை, கனடாவின் பூர்வகுடிகளில் ஒருவன். வீட்டில் அவனைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவை மத்திய அரசு ஏற்பதா, மாகாண அரசு ஏற்பதா? மத்திய அரசுக்குள்ளேயே சுகாதாரத் துறையா, இந்தியர் விவகாரத் துறையா? ஒவ்வொரு பொருளாக எடுத்து வைத்து வாதாடினார்கள். குளிப்பாட்ட ஒரு ஷவர் தலை வேண்டும், அதற்கு யார் காசு தருவது என்பதில்கூட இழுபறி. இப்படியே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. 2005 பிப்ரவரியில், ஐந்து வயதில், ஜோர்டன் அதே மருத்துவமனையில் இறந்தான். ஒரு வீட்டில் ஒரு நாள்கூட அவன் வாழவில்லை.

முதற்குடிக் குழந்தைகளின் நலச் சேவைகளைச் சீர்திருத்தக் கனடாவில் நடந்த, இன்னும் நடந்துகொண்டிருக்கும் நீண்ட வழக்கைப் பற்றியது இந்த ஆய்வு. ஷவர் தலையில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. அந்தப் பிள்ளையிடம் யாருக்கும் பகை கிடையாது. மருத்துவர்களும் செவிலியர்களும் அவனிடம் அன்பாகத்தான் இருந்திருப்பார்கள். அவனை வீட்டுக்குப் போகவிடாமல் தடுத்தது காசு எந்தக் கணக்கிலிருந்து போக வேண்டும் என்ற கேள்வி. ஆயிரக்கணக்கான பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்ததும் அதே கேள்விதான்.

பெயர்களைப் பற்றி ஒரு சொல். கனடாவின் பூர்வகுடிகள் முதற்குடி மக்கள், இனுவிட், மெடி என்று மூன்று பிரிவினர். அங்கே ‘ஃபர்ஸ்ட் நேஷன்ஸ்’ என்று சொல்லப்படுபவர்களையே இங்கே முதற்குடிகள் என்கிறேன். அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலம் ‘ரிசர்வ்’. இந்தியர் விவகாரத் துறை என்று மேலே எழுதியதில் வரும் ‘இந்தியர்’ நாம் அல்ல. 1876-இல் வந்த சட்டம் அந்த மக்களுக்கு வைத்த பெயர் அது, இன்றும் சட்டப் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது.

ஒரு பிள்ளை, இரண்டு அரசுகள்

கனடாவில் குழந்தைகள் நலம் மாகாணங்களின் பொறுப்பு. டொராண்டோவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குச் ‘சில்ட்ரன்ஸ் எய்ட்’ என்ற பெயர் தெரியும். வீட்டில் பிள்ளைக்கு ஆபத்து என்று யாராவது சொன்னால் வந்து கதவைத் தட்டுகிறவர்கள். அது ஒன்டாரியோ மாகாணச் சட்டப்படி நடப்பது. ஆனால் ரிசர்வ் நிலமும் அங்கே வாழும் மக்களும் அரசியல் சட்டப்படி மத்திய அரசின் கீழ் வருகிறார்கள். 1951-இல் இந்தியர் சட்டத்தைத் திருத்தி, மாகாணச் சட்டங்கள் ரிசர்வுக்குள்ளும் செல்லும் என்று ஆக்கினார்கள். சட்டம் உள்ளே போனது. அதை நடத்தப் பணம் யார் தருவது என்பது தெளிவாகவில்லை.

அதற்கு முன் என்ன இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். விடுதிப் பள்ளிகள் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கி 1990-கள் வரை, சுமார் 1,50,000 பூர்வகுடிப் பிள்ளைகள் வீட்டிலிருந்து பிரிக்கப்பட்டு அந்தப் பள்ளிகளில் அடைக்கப்பட்டார்கள். பேசிய மொழிக்காக அடி வாங்கினார்கள். அங்கே பிள்ளைகள் காசநோயில் செத்துக்கொண்டிருந்ததை அரசின் சொந்த மருத்துவ அதிகாரியான பீட்டர் பிரைஸ் 1907-இலேயே அறிக்கையாக எழுதிக் கொடுத்தார். அரசு கேட்கவில்லை. தெரிந்தே செய்யாமல் இருப்பது இந்தக் கதையில் திரும்பத் திரும்ப வரும்.

விடுதிப் பள்ளிகள் மெல்ல மூடப்பட்ட காலத்தில் நலத் துறைப் பணியாளர்கள் ரிசர்வுக்குள் வந்தார்கள். 1950-களிலிருந்து 1980-கள் வரை 20,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் எடுக்கப்பட்டு, பெரும்பாலும் வெள்ளைக்காரக் குடும்பங்களுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். சிலர் அமெரிக்காவுக்கே அனுப்பப்பட்டார்கள். தன் பெயர் என்ன, எந்த ஊர், அம்மா யார் என்று தெரியாமல் வளர்ந்த ஒரு தலைமுறை அது. ‘அறுபதுகளின் அள்ளல்’ என்று இதைக் குறிப்பிடுகிறார்கள். மானிட்டோபாவில் இதை விசாரித்த நீதிபதி எட்வின் கிமெல்மன் 1985 அறிக்கையில் இதைப் பண்பாட்டு இனப்படுகொலை என்றே எழுதினார்.

சூத்திரம்

பிறகு வந்ததுதான் இந்த வழக்கின் உயிர். முதற்குடிகள் தாங்களே நலச் சேவை அமைப்புகளை நடத்த விரும்பினார்கள். மத்திய அரசு 1990-களின் தொடக்கத்தில் ஒரு நிதிச் சூத்திரம் வகுத்தது. டைரக்டிவ் 20-1 என்று பெயர். அமைப்பை நடத்துவது முதற்குடிகள், பின்பற்றுவது மாகாணச் சட்டம், பணம் தலைநகர் ஒட்டாவாவிலிருந்து, அதாவது மத்திய அரசிடமிருந்து. கேட்பதற்கு நல்ல ஏற்பாடுதான்.

பணம் இரண்டு வழியாக வந்தது. ஒன்று, அமைப்பின் செயல்பாட்டுச் செலவு. சம்பளம், வாடகை, பயணம், குடும்பங்களுக்குச் செய்யும் உதவி எல்லாம் இதற்குள் அடக்கம். இது ஊரில் எத்தனை பிள்ளைகள் என்று எண்ணி நிர்ணயித்த தொகை. இன்னொன்று, வீட்டிலிருந்து எடுக்கப்பட்ட பிள்ளையின் பராமரிப்புச் செலவு. இது ஆன செலவு எவ்வளவோ அவ்வளவும் கிடைக்கும்.

இதன் பொருள் என்ன என்று பார்க்க ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கற்பனை வீடுதான், ஆனால் இத்தகைய வீடு பல ரிசர்வுகளில் உண்டு. இரண்டு அறை, ஒன்பது பேர். சுவரில் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்திருக்கிறது. குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்க முடியாது. (இது மிகையல்ல. ஒன்டாரியோவின் வடக்கே நெஸ்கண்டகா ஊரில் இந்த எச்சரிக்கை 1995-இலிருந்து இருக்கிறது.) நான்கு வயதுப் பிள்ளைக்கு இருமல் நிற்கவில்லை. தகப்பன் குடிக்கிறார். விடுதிப் பள்ளியில் வளர்ந்த பாட்டிக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. சமூகப் பணியாளர் வருகிறார், பார்க்கிறார், ‘புறக்கணிப்பு’ என்று கோப்பில் எழுதுகிறார். அவர் முன்னே இரண்டு வழி இருக்கிறது. சுவரைச் சரி செய்து, தகப்பனைக் குடி மறக்கும் சிகிச்சைக்கு அனுப்பி, தாய்க்கு ஒத்தாசையாக வாரம் நான்கு நாள் ஒருவரை வீட்டுக்கு அனுப்பலாம். அதற்கான காசு நிர்ணயித்த தொகையிலிருந்து வர வேண்டும், அந்தத் தொகையோ ஆண்டு பாதியிலேயே தீர்ந்துவிட்டது. இல்லையென்றால் பிள்ளையை எடுத்து வளர்ப்பு இல்லத்தில் விடலாம். அதற்கு ஆகும் செலவை ஒட்டாவா முழுதாகத் தரும்.

பிள்ளையைப் பிரித்தால் பணம் உண்டு, வீட்டிலேயே வைத்துக் காப்பாற்றப் பணம் இல்லை.

அந்தப் பணியாளர் கெட்டவர் அல்ல. பல நேரம் அவரும் அதே ஊரைச் சேர்ந்தவர். வேறு வழி இல்லாமல் செய்கிறார். கனடாவில் குழந்தைகள் நலப் புகார்களை ஆராய்ந்தவர்கள் கண்டதும் இதோடு பொருந்துகிறது. முதற்குடிப் பிள்ளைகள் அதிகமாக எடுக்கப்படுவதற்கு முதல் காரணம் அடி உதையோ பாலியல் கொடுமையோ அல்ல, புறக்கணிப்பு என்ற வகைதான். அதன் அடியில் இருப்பவை வறுமை, மோசமான வீடு, போதைப் பழக்கம். மூன்றும் காசும் சேவையும் இருந்தால் மாற்றக்கூடியவை.

சூத்திரத்தில் இன்னும் ஓட்டைகள் இருந்தன. பராமரிப்பில் இருக்கும் பிள்ளைகள் 6 சதவீதம் என்று எல்லா ஊர்களுக்கும் பொதுவாக வைத்துக் கணக்குப் போட்டார்கள். அதைவிட அதிகமாக இருந்த ஊர்கள் திணறின. விலைவாசிக்கு ஏற்ப உயர்த்துவதை 1995-இலேயே நிறுத்திவிட்டார்கள். ஒன்டாரியோவில் 1965-இல் போட்ட வேறொரு ஒப்பந்தம் நடைமுறையில் இருந்தது, அதன் அட்டவணைகள் 1998-க்குப் பிறகு புதுப்பிக்கப்படவில்லை. அரசும் முதற்குடிகளும் சேர்ந்து செய்த 2000-ஆம் ஆண்டு ஆய்வு, ரிசர்வில் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது மாகாணங்கள் தருவதைவிட 22 சதவீதம் குறைவு என்று கண்டது. 2008-இல் தலைமைக் கணக்காயர் ஷீலா ஃப்ரேஸரும் இந்த நிதி முறை சமமானதல்ல என்று அறிக்கை கொடுத்தார். எதுவும் ரகசியமில்லை, எல்லாம் அரசின் மேசையில் இருந்தது.

புகார்

சிண்டி பிளாக்ஸ்டாக் கிட்க்சான் முதற்குடியைச் சேர்ந்தவர். பிரிட்டிஷ் கொலம்பியாவில் மாகாண அரசிலும் முதற்குடி அமைப்பிலும் சமூகப் பணியாளராக இருந்து, இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்தவர். முதற்குடிக் குழந்தைகள் குடும்பப் பராமரிப்புச் சங்கத்தின் செயல் இயக்குநர். 2007 பிப்ரவரி 23 அன்று அந்தச் சங்கமும் முதற்குடிகள் பேரவையும் சேர்ந்து கனடா மனித உரிமை ஆணையத்தில் ஒரு புகார் கொடுத்தன. ரிசர்வில் இருக்கும் 1,63,000 பிள்ளைகளுக்கு மத்திய அரசு குறைவாகப் பணம் தருவது இனப் பாகுபாடு என்பது புகாரின் சாரம்.

அதே ஆண்டு டிசம்பர் 12 அன்று நாடாளுமன்றம் ஜோர்டன் பெயரில் ஒரு கொள்கையை ஒருமனதாக ஏற்றது. பிள்ளைக்குச் சேவை தேவை என்றால் முதலில் கேட்கப்பட்ட அரசு பணம் கொடுத்துவிட வேண்டும், யார் பொறுப்பு என்ற தகராறைப் பிறகு வைத்துக்கொள்ளட்டும். ஜோர்டன் கொள்கை என்று பெயர். உறுப்பினர்கள் எழுந்து நின்று வாக்களித்தார்கள். அப்புறம் துறை அதற்கு எழுதிய விளக்கம் எவ்வளவு குறுகலாக இருந்தது என்றால், அதற்கென்று ஒதுக்கிய 1.1 கோடி டாலரில் ஒரு டாலரைக்கூட எந்தப் பிள்ளையும் பெறவில்லை. தகுதியான நேர்வு ஒன்றுகூட இல்லை என்றார்கள் அதிகாரிகள்.

புகாருக்கு அரசு சொன்ன பதில்களில் இரண்டு முக்கியம். பணம் கொடுப்பது ‘சேவை’ ஆகாது, அதனால் மனித உரிமைச் சட்டம் பொருந்தாது என்பது ஒன்று. மத்திய அரசு தருவதை மாகாண அரசு தருவதோடு ஒப்பிடவே கூடாது, இரண்டும் வேறு வேறு அரசு என்பது இன்னொன்று. இரண்டாவது வாதத்தை நிதானமாக யோசித்துப் பாருங்கள். ரிசர்வில் சேவை தருவது மத்திய அரசு மட்டும்தான். வேறு யாரோடும் ஒப்பிடக் கூடாது என்றால், ஒரு முதற்குடிப் பிள்ளை தனக்குக் குறைவாகக் கிடைக்கிறது என்று எக்காலத்திலும் நிரூபிக்க முடியாது. ஆணையம் புகாரை மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பியிருந்தது. 2011 மார்ச்சில் தீர்ப்பாயம் இந்த வாதத்தை ஏற்று, சாட்சிகளை விசாரிக்காமலே புகாரைத் தள்ளுபடி செய்தது. 2012 ஏப்ரலில் ஃபெடரல் நீதிமன்றத்தின் நீதிபதி ஆன் மக்டாவிஷ் அந்த முடிவை ரத்து செய்தார். மேல்முறையீட்டிலும் அரசு தோற்றது.

இதற்கு நடுவே நடந்த ஒன்றைத் தவிர்த்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அரசின் இரண்டு துறைகளைச் சேர்ந்தவர்கள் பிளாக்ஸ்டாக்கின் தனிப்பட்ட ஃபேஸ்புக் பக்கத்தைப் பார்த்துத் தகவல் சேகரித்திருந்தார்கள். தனியுரிமை ஆணையர் 2013-இல் இது தவறு, நிறுத்த வேண்டும் என்றார். குழந்தைகளுக்காக வழக்குப் போட்ட ஒரு சமூகப் பணியாளரைப் பின்தொடர ஆள் இருந்தது. சுவரில் பூஞ்சை பிடித்த வீட்டுக்கு அனுப்ப ஆள் இல்லை.

விசாரணை 2013 பிப்ரவரியில் தொடங்கி 2014 அக்டோபரில் முடிந்தது. நடுவே, அரசு 90,000-க்கும் மேற்பட்ட ஆவணங்களைக் கொடுக்காமல் வைத்திருந்தது தெரிய வந்தது. அவற்றைப் பெற்றபின் சங்கத்தின் கை பலப்பட்டது, ஏனென்றால் நிலைமை படுமோசம் என்று துறையே தனக்குள் எழுதிவைத்திருந்தது. விசாரணைக் கூடத்தில் இன்னொன்றும் நடந்தது. ஒட்டாவாவின் பள்ளிப் பிள்ளைகள் பார்க்க வந்தார்கள். தங்களைப் போன்ற பிள்ளைகளின் வழக்கு இது என்று, வகுப்பு வகுப்பாக வந்தார்கள். இடம் போதாமல் முறை வைத்து உட்கார வேண்டியிருந்தது. வழக்கு நெடுக ஒரு கரடிப் பொம்மை நாற்காலியில் இருந்தது. ஸ்பிரிட் பேர் என்று அதற்குப் பெயர். யாருக்காக வழக்கு நடக்கிறதோ அந்த முதற்குடிப் பிள்ளைகள் கூடத்தில் இல்லையே என்று வந்தது அது.

2016 ஜனவரி 26

அன்று வந்த தீர்ப்பு 150 பக்கத்துக்கும் மேல் நீளும். சட்டத் தீர்ப்பைப் பொதுவாக யாரும் விரும்பிப் படிப்பதில்லை, ஆனால் இதைப் படித்தால் கீழே வைக்க முடியாது. தலைமை உறுப்பினர் சோஃபி மார்ஷில்டன். மத்திய அரசு இனத்தின் அடிப்படையில் பாகுபாடு காட்டியது, அதன் நிதி முறை பிள்ளைகளை வீட்டிலிருந்து எடுக்கத் தூண்டுகிறது, ஜோர்டன் கொள்கையைக் குறுக்கியதும் பாகுபாடே என்று தீர்ப்பாயம் சொன்னது. விடுதிப் பள்ளிகள் ஏற்படுத்திய காயத்தின் மேல்தான் இதுவும் நடக்கிறது என்பதையும் சேர்த்தே சொன்னது. பாகுபாட்டை நிறுத்து, சீர்திருத்து, ஜோர்டன் கொள்கையை முழுப் பொருளில் உடனே நடைமுறைப்படுத்து என்பது உத்தரவு.

இதற்கு முந்தைய ஆண்டுதான் விடுதிப் பள்ளிகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், மரே சின்க்ளேர் தலைமையில், 94 பரிந்துரைகளைத் தந்திருந்தது. அவற்றில் முதல் ஐந்தும் குழந்தைகள் நலச் சேவை பற்றியவை. பள்ளிகள் மூடிவிட்டன, ஆனால் பிரிப்பது நிற்கவில்லை என்று ஆணையம் கண்டதால்தான் அவை முதலில் வந்தன என்று நினைக்கிறேன்.

தீர்ப்பு வந்தபின் நடந்ததுதான் மனத்தைப் பிசைகிறது. அரசு மேல்முறையீடு செய்யவில்லை, வரவேற்றது. ஆனால் சூத்திரத்தை மாற்றவில்லை. ஒன்டாரியோவின் வடக்கே வாபெகேகா என்ற சிறிய ஊர். அங்கே சில சிறுமிகள் சேர்ந்து தற்கொலை செய்துகொள்ளத் திட்டமிட்டிருப்பதாக ஊரார் அஞ்சினார்கள். மனநல உதவிக்குப் பணம் வேண்டும் என்று 2016 ஜூலையில் விண்ணப்பம் அனுப்பினார்கள். நிதியாண்டு நடுவில் வந்த விண்ணப்பம், நேரம் சரியில்லை என்பது பின்னர் அதிகாரிகள் தரப்பில் வந்த விளக்கம். 2017 ஜனவரியில் அந்த ஊரின் இரண்டு சிறுமிகள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் 12 வயது.

அவர்கள் மரணமும் அந்த விண்ணப்பமும் தீர்ப்பாயத்தின் 2017 மே உத்தரவில் இருக்கின்றன. அதே ஆண்டு, அவசரமான விண்ணப்பத்துக்கு 12 மணி நேரத்தில், மற்றவற்றுக்கு 48 மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்று தீர்ப்பாயம் கெடு விதித்தது. 2018 பிப்ரவரியில் ஒருவழியாகச் சூத்திரத்தின் முதுகெலும்பு உடைந்தது. பிள்ளையை எடுக்காமல் தடுக்கச் செய்யும் செலவையும் ஆன செலவுப்படியே தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. புகார் கொடுத்து 11 ஆண்டுகள். 2007-இல் ஐந்து வயதில் எடுக்கப்பட்ட பிள்ளைக்கு அப்போது 16 வயது.

2016-க்குப் பிறகு தீர்ப்பாயம் பிறப்பித்த உத்தரவுகள் இருபதுக்கும் மேல்.

நாற்பதாயிரம் டாலர்

2019 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பாயம் இழப்பீடு அறிவித்தது. தேவையில்லாமல் எடுக்கப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும், பெற்றோருக்கு அல்லது வளர்த்த தாத்தா பாட்டிக்கும் 40,000 டாலர். சட்டம் அனுமதிக்கும் உச்சம் அது. வேதனைக்கு 20,000, தெரிந்தே அல்லது அலட்சியமாகச் செய்ததற்கு இன்னொரு 20,000. இரண்டாவது தொகையே எனக்கு முக்கியமாகப் படுகிறது. தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லும் வழியை அது அடைத்துவிட்டது. அரசு எதிர்த்து நீதிமன்றம் போனது. 2021 செப்டம்பரில் நீதிபதி பால் ஃபாவெல் உத்தரவு செல்லும் என்றார்.

பிறகு பேச்சுவார்த்தை. 2022 ஜனவரியில் 4,000 கோடி டாலர் என்று அறிவித்தார்கள், பாதி இழப்பீட்டுக்கு, பாதி சீர்திருத்தத்துக்கு. அந்த இழப்பீட்டுத் திட்டத்தைத் தீர்ப்பாயம் அந்த ஆண்டு அக்டோபரில் ஏற்க மறுத்தது. ஏற்கெனவே 40,000 என்று உத்தரவிடப்பட்டிருந்தவர்களில் சிலருக்குக் குறைவாகவோ ஒன்றும் இல்லாமலோ போகும் நிலை அதில் இருந்தது. பலர் தீர்ப்பாயத்தின் மேல் கோபப்பட்டார்கள், காலதாமதம் ஆகிறதே என்று. ஆனால் அந்த மறுப்பால் தொகை 2,334 கோடியாக உயர்ந்தது, விடுபட்டவர்கள் உள்ளே வந்தார்கள். 2023 அக்டோபரில் ஃபெடரல் நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. எடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கான விண்ணப்பம் 2025 மார்ச்சில் திறந்தது. 1991-க்கும் 2022-க்கும் இடையே எடுக்கப்பட்டவர்கள் அவர்கள். சிலருக்கு இப்போது முப்பது வயதுக்கு மேல், அவர்களுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். நடந்ததை மறுபடி யாரிடமும் உட்கார்ந்து விவரிக்க வேண்டியதில்லை என்று விண்ணப்ப முறையை அமைத்திருக்கிறார்கள். அந்த ஒரு விஷயத்தில் யாரோ யோசித்திருக்கிறார்கள்.

அதிகாரம் யார் கையில்

இழப்பீடு நடந்ததற்கு. இனி நடக்காமல் இருக்க வேண்டும் என்றால் முடிவெடுக்கும் இடம் மாற வேண்டும். 2020 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டம் முதற்குடிகள், இனுவிட், மெடி மக்கள் தங்கள் பிள்ளைகளின் நலனுக்குத் தாங்களே சட்டம் இயற்றலாம் என்கிறது. வறுமையை மட்டும் காரணம் காட்டிப் பிள்ளையை எடுக்கக் கூடாது என்கிறது. பிரித்தே ஆக வேண்டும் என்றால் முதலில் பெற்றோரில் இன்னொருவர், பிறகு உறவினர், பிறகு சொந்தச் சமூகம் என்று வரிசை வைக்கிறது. கியூபெக் மாகாணம் இதை எதிர்த்தது. உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 9 அன்று ஒருமனதாகச் சட்டம் செல்லும் என்றது.

சஸ்காச்சுவான் மாகாணத்தின் கவசஸ் முதற்குடி இந்தச் சட்டப்படி தன் சொந்தச் சட்டத்தை எழுதியது. அந்தச் சட்டத்தின் பெயர் க்ரீ மொழியில் இருக்கிறது, மியோ பிமாட்டிசோவின். நல்வாழ்வு என்று பொருள். 2021 ஜூனில் இந்த ஊர்தான் தன் பழைய விடுதிப் பள்ளி இருந்த இடத்தில் 751 பெயரில்லாக் கல்லறைகள் இருப்பதாக அறிவித்தது. இரண்டு வாரம் கழித்து, ஜூலை 6 அன்று, அதே ஊரில் தலைவர் கேட்மஸ் டெலோர்மும் பிரதமரும் மாகாண முதல்வரும் உட்கார்ந்து கையெழுத்திட்டார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு 3.87 கோடி டாலர். பிள்ளைகளைப் பற்றிய முடிவு இனி கவசஸ் கையில்.

அதிகாரத்தை மட்டும் கொடுத்துப் பணத்தைக் கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மானிட்டோபாவைப் பார்க்க வேண்டும். 2003-இலேயே அந்த மாகாணம் நலச் சேவையைப் பிரித்துப் பூர்வகுடிகள் நடத்தும் அதிகார அமைப்புகளிடம் கொடுத்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் சூத்திரம் மாறவில்லை, வீடுகள் மாறவில்லை. பராமரிப்பில் இருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை அடுத்த பத்தாண்டில் ஏறிக்கொண்டே போனது. பழி மட்டும் முதற்குடிகள் மேல் விழுந்தது. ‘உங்கள் ஆட்கள்தானே நடத்துகிறார்கள்’ என்று பேச எளிதாகிவிட்டது.

தீர்ப்பாயத்தின் வழியாக வந்த மாற்றங்கள் இதைவிடப் பயனுள்ளவை, ஏனென்றால் அவை காசில் கை வைத்தன. 2022 ஏப்ரல் முதல் ரிசர்வில் வாழும் ஒவ்வொருவரின் தலைக்கும் 2,500 டாலர் வீதம் முன்தடுப்புப் பணிக்கு வருகிறது. எடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு மட்டுமின்றி எல்லாருக்கும் கணக்கு. வளர்ப்பு இல்லத்தில் வளர்ந்தவர்களுக்கு வயது வந்ததும் கைவிடாமல் 25 வயது முடியும்வரை ஆதரவு உண்டு. முன்பெல்லாம் பதினெட்டாம் பிறந்தநாளோடு ஒரு பையில் துணியோடு வெளியே நின்ற பிள்ளைகள் இவர்கள்.

போதுமா? 2021 கணக்கெடுப்பில், கனடாவின் 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் பூர்வகுடிகள் 7.7 சதவீதம். வளர்ப்புக் குடும்பங்களில் இருக்கும் பிள்ளைகளில் அவர்கள் 53.8 சதவீதம். ஐந்து ஆண்டுகளுக்கு முன் அது 52.2. மெல்ல ஏறியிருக்கிறது.

கால்கரி வாக்கெடுப்பு

2024 ஜூலையில் நீண்டகாலச் சீர்திருத்தத்துக்கு 10 ஆண்டுகளில் 4,780 கோடி டாலர் என்ற ஒப்பந்தம் முன்வைக்கப்பட்டது. அக்டோபரில் கால்கரியில் முதற்குடித் தலைவர்கள் கூடினார்கள். 414 வாக்குகளில் 267 எதிர்த்து விழுந்தன. இவ்வளவு பெரிய தொகையை வேண்டாம் என்கிறார்களே என்று வெளியே இருப்பவர்கள் வியந்தார்கள். காரணம் பேராசை இல்லை. பத்து ஆண்டுக்குப் பிறகு என்ன என்பதற்கு அதில் உறுதி இல்லை. பேச்சு மூடிய கதவுக்குள் நடந்தது, பல தலைவர்களுக்கு விவரமே கடைசியில்தான் தெரிந்தது. ஏற்றுக்கொண்டால் தீர்ப்பாயத்தின் மேற்பார்வை முடிந்துவிடும். தீர்ப்பாயம் இல்லாமல் அரசு எதைத் தானாகச் செய்தது என்ற கேள்விக்கு அவர்களிடம் 17 ஆண்டு அனுபவம் இருந்தது. ஜோர்டன் கொள்கையும் அந்த ஒப்பந்தத்துக்குள் வரவில்லை. நான் அவர்கள் இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். கையில் இருக்கும் காசை விடுவது எளிதல்ல. ஆனால் உத்தரவாதம் இல்லாத காசு என்ன ஆகும் என்று அவர்களைவிட அறிந்தவர்கள் யார்?

ஒன்டாரியோவின் தலைவர்கள் வேறு முடிவெடுத்தார்கள். தங்கள் மாகாணத்துக்கு மட்டுமான 850 கோடி டாலர் ஒப்பந்தத்தை 2025 பிப்ரவரியில் ஏற்றார்கள். இதையும் குறை சொல்ல முடியாது. வடக்கு ஒன்டாரியோவில் சாலையே இல்லாத ஊர்கள் உண்டு, விமானத்தில்தான் எல்லாம் வர வேண்டும். ஒவ்வொரு ஆண்டு தாமதமும் அங்கே சில பிள்ளைகளின் கணக்கு.

ஜோர்டன் கொள்கைக்கு வருவோம். தீர்ப்பாயத்தின் உத்தரவுகளுக்குப் பிறகு அது உயிர் பெற்றது. சக்கர நாற்காலி, பேச்சுப் பயிற்சி, மருந்து, மூச்சுக் கருவி என்று உண்மையான பிள்ளைகளுக்கு உண்மையான பொருள்கள் போய்ச் சேர்ந்தன. ஒரு ஊரில் ஒரு பிள்ளைக்குக் கிடைத்தது தெரிந்ததும் பக்கத்து ஊரும் விண்ணப்பித்தது. தேவை அவ்வளவு இருந்தது, அத்தனை காலமும் இருந்தது, வெளியே தெரியவில்லை. ஆனால் விண்ணப்பங்களைப் பார்க்க ஆள் அந்த வேகத்தில் கூடவில்லை. 2024 கடைசியில் முடிவு சொல்லப்படாமல் தேங்கிக் கிடந்த விண்ணப்பங்கள், அரசே ஒப்புக்கொண்ட கணக்கில், சுமார் 1,40,000. அடுத்த பிப்ரவரியில் விதிகளை இறுக்கினார்கள்.

அவற்றில் எத்தனையில் ஒரு ஷவர் தலை கேட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். அவசரமென்றால் 12 மணி நேரம், மற்றவற்றுக்கு 48 மணி நேரம் என்ற உத்தரவு இன்னும் இருக்கிறது.